ஏழு நிமிடம் மூடி வைக்கவும்

"ஏழு நிமிசம். யாரும் மூடியைத் தொட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டு, கோமதிநாயகம் இடது கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். ரயில்வேயில் கார்டாக முப்பத்திரண்டு வருஷம் பச்சைக் கொடி காட்டி ரிட்டையர் ஆன மனுஷர், அவர் வாட்ச் பார்க்கிற தினுசே தனி. மேஜை நடுவில், மடித்த துண்டின் மேல், மூடி போட்ட வெண்கலப் பானை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி ஐந்து இலை. மங்கையர்க்கரசிக்குப் பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த விரல் அப்படியே நின்றுவிட்டது. ஏழா? அஞ்சு என்பார்கள், பத்து என்பார்கள், கொஞ்ச நேரம் என்பவர்கள்தான் ஊரில் முக்கால்வாசி. ஏழு என்று சொன்ன ஒரே ஒருத்தியை அவளுக்குத் தெரியும், அவள் இதோ மதுரையிலிருந்து காலைப் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு வந்து, பெண்ணைக் கொடுக்கப்போகிற வீட்டில், பட்டுப்புடவையில் நெய்க் கறை படாமல் உட்கார்ந்திருக்கிறாள். சேச்சே, என்ன இது, உலகத்தில் வேறு யாருக்கும் ஏழு தோன்றக்கூடாதா என்று தன்னையே அதட்டிக்கொண்டு ஒரு வாய் எடுத்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து மூடி இடுக்கிலிருந்து ஒரு வாசனை வந்தது. புளி, எள், அதற்குப் பின்னால் கொய்யா. சந்தேகமே இல்லை, கொய்யாக்காய். அதற்கும் பின்னால், விசேஷ வீட்டு வாசலில் வருகிற மாதிரி, வெற்றிலை. கோமதிநாயகம் பெருமையாகச் சொன்னார், இது எங்கேயும் கிடைக்காத குழம்பாம், தன் சம்சாரம் ஆவுடையோட அம்மை வீட்டு வழியாக வந்ததாம், அம்பாசமுத்திரத்துக்காரங்க கைப்பக்குவமாம், இறக்கினதும் வெற்றிலையைக் கிள்ளிப் போட்டு ஏழு நிமிசம் மூடணுமாம், ஆறும் கூடாது எட்டும் கூடாதாம். மங்கையர்க்கரசி பருப்புச் சோற்றை இலை ஓரத்துக்குத் தள்ளினாள். பக்கத்து இலையில் அவள் புருஷன் திரவியம் எதுவும் நடக்காதது போல அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

அய்யோ, அந்த மத்தியானம். மறக்கத்தான் பார்த்தாள், பத்தொன்பது வருஷமாக மறந்தும் விட்டாள், இன்றைக்கு ஒரு மூடி இடுக்கு வழியாக அது திரும்பி வந்துவிட்டது. 'முப்பது வகைக் குழம்பு', பத்திரிகையோடு இலவச இணைப்பு, அட்டையில் அவள் படம், நெற்றியில் பொட்டு சற்றுக் கோணல். மூணரை மணிக்கு ஆபீஸிலிருந்து உதவி ஆசிரியர் பரமசிவம் போன் பண்ணினார். மேடம், எட்டாவது குழம்பும் இருபத்தொண்ணாவது குழம்பும் ஒண்ணுதான், பேர்தான் வேற, நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகுது, ஒண்ணு சொல்லுங்க எழுதிக்கிறேன் என்றார். ஒண்ணு சொல்லுங்களாம், கடையில் கொத்தமல்லிக் கட்டு கேட்கிற மாதிரி! அவளுக்குத் தெரிந்த குழம்பெல்லாம் தீர்ந்து, தெரியாத குழம்பில் ஏழெட்டு எழுதி முடித்து, சுண்டைக்காயைக் கண்டாலே கண் இருண்டு கிடந்த நேரம். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சோபாவில் எட்டு வயசு நித்திலா காலை ஆட்டிக்கொண்டு மிளகாய்ப்பொடி தொட்டுக் கொய்யாக்காய் கடித்துக்கொண்டிருந்தாள். கொய்யாக்காய், எழுதிக்கிடுங்க சார், கால் கிலோ. சுவரில் யாரோ கொடுத்த அம்பாசமுத்திரம் அரிசி மண்டிக் காலண்டர். ஊர்ப் பேர் போட்டால் ஜனங்களுக்கு ஒரு மரியாதை வருகிறது, அம்பாசமுத்திரம் கொய்யாக் குழம்பு சார். டீப்பாயின் மேல், திரவியம் ஏதோ கல்யாணத்திலிருந்து கொண்டுவந்த தாம்பூலப் பை வாய் பிளந்து கிடந்தது, வெற்றிலை எட்டிப் பார்த்தது. இறக்கியதும் இரண்டு வெற்றிலை கிள்ளிப் போடவும். அத்தோடு விட்டிருக்கலாம். பரமசிவம் விடவில்லை, மேடம் பக்கத்துல ரெண்டு வரி குறையுது என்றார். ஏழு நிமிடம் மூடி வைக்கவும், ஆறு நிமிடத்தில் திறந்தால் மணம் நிற்காது, எட்டு நிமிடமானால் கசக்கும். ரெண்டு வரி சரியாக வந்துவிட்டது. ஏழு ஏன் என்றால், அஞ்சு சோம்பேறித்தனமாகத் தெரிந்தது, பத்து எல்லாரும் சொல்வது. அவ்வளவுதான் விஷயம். அந்தக் குழம்பை அவள் வைத்ததில்லை, தின்றதில்லை, கனவில் கண்டதுகூடக் கிடையாது.

"அஞ்சு நிமிசம் இருக்கு" என்றார் கோமதிநாயகம். இன்னும் அஞ்சா, இல்லை அஞ்சுதானா என்று மங்கையர்க்கரசிக்கு விளங்கவில்லை. அவள் இலையில் அவியலை ஒதுக்கி, மறுபடி சேர்த்து, மறுபடி ஒதுக்கினாள்.

நித்திலா எதிர் இலையிலிருந்து அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் உண்டு. போன தை மாதம் திருச்சியில் ஒரு இடம் கைகூடி வந்தது. எல்லாம் பேசி, கேசரி கொடுத்தார்கள். எப்படி இருக்கு என்று மாப்பிள்ளையின் அம்மா ஒரு மரியாதைக்குக் கேட்டாள். கேட்டால் சொல்ல வேண்டாமா? ஏலக்காய் நமுத்துப்போயிருக்கு, ரவை பழசு, கலர்ப் பொடி போட்டதுக்கு வெல்லம் போட்டிருக்கலாம் என்று மங்கையர்க்கரசி அன்பாகத்தான் சொன்னாள். மூன்றாம் நாள் ஜாதகம் சரியில்லை என்று போன் வந்தது. அதற்குப் பிறகு நித்திலாவே ஒருத்தனைக் கண்டுபிடித்துக்கொண்டாள். பெங்களூரில் ஒரே கம்பெனி, பேர் செந்தில்வேல், இதோ அவள் பக்கத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறான், அவள் இலையில் இருக்கிற பாகற்காயை யாரும் பார்க்காதபோது தன் இலைக்கு மாற்றிக்கொள்கிறான். தங்கமான பையன். காலையில் பஸ்ஸில் ஏறும்போதே நித்திலா அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், இந்த வீட்டில் உனக்கு மூன்றே வார்த்தைதான், நல்லா இருக்கு, போதும், இன்னும் கொஞ்சம், நாலாவது வார்த்தை வாயிலிருந்து வந்தால் நான் கல்யாணமே பண்ணிக்கொள்ளப் போவதில்லை என்று. மங்கையர்க்கரசி சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறாள். மூன்று வார்த்தை போதும்தான், பானைக்குள் அவள் விட்ட புளுகு கொதித்து அடங்கிக்கொண்டிருக்காவிட்டால். இருபத்தாறு வருஷம் சாப்பாட்டைப் பற்றியே எழுதிப் பிழைத்தவள் அவள். வீட்டு வீட்டுக்கு மங்கை அக்கா. எத்தனை சமையல் போட்டியில் நடுவராகப் போயிருப்பாள், ஒரே நாளில் நாற்பத்துமூன்று பாயசம் ருசி பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஊறுகாய் ஜாடியைக் கட்டிக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் வைத்துப் பார்த்த அத்தனை குழம்பும் திரவியம் வாயில் இறங்கியது, நல்லாவா இருக்கு என்று கேட்டால் ம் என்பார், நல்லா இல்லையா என்று கேட்டாலும் அதே ம். கடைசியில் மோர் சாதம் இருக்கா என்று கேட்பார், அதுதான் அவர் விமர்சனம். அவளுடைய வாழ்க்கையையே காப்பாற்றிய ஒரு வரி உண்டு, உப்பு தேவையான அளவு. என்ன அருமையான வரி, யார் மேலும் பழி வராது. குழம்பு கெட்டால் தேவை தெரியாதது உன் குற்றம். இன்றைக்கு அந்த வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது. கால் கிலோ கொய்யாக்காய் என்று அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்.

ஒருவேளை நிஜமாகவே அம்பாசமுத்திரத்தில் இப்படி ஒரு குழம்பு இருக்கலாமே? இருக்கட்டும் சாமி, இருந்துவிட்டுப் போகட்டும். ஆற்றங்கரையில் கொய்யா மரம் இல்லாமலா, வெற்றிலைக் கொடி இல்லாமலா. எப்போதோ யாரோ சொல்லிக் காதில் விழுந்தது, அன்றைக்கு நாக்கில் வந்திருக்கும். அப்படித்தான் இருக்கும். அப்படி நினைத்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது, அவியலில் ஒரு வாய் உள்ளே போனது. உடனே அந்த ஏழு வந்து நின்றது. அந்த ஏழு நிமிஷத்துக்கு என்ன சொல்ல? குறைந்துபோன ரெண்டு வரியை அம்பாசமுத்திரத்துக்காரர்கள் எங்கே போய்க் கண்டார்கள்? இல்லை, இது அவளுடையதுதான், அவள் பெற்றுப்போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத பிள்ளை. அப்படியென்றால் ஆவுடையம்மாள் புத்தகத்தைப் பார்த்து வைத்துவிட்டு அம்மை வீட்டுக் குழம்பு என்று புருஷனிடம் கதை விட்டிருக்கிறாள். அடி சக்கை! அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. வாயில் வைக்க விளங்காமல் இருந்தால்? எல்லாரும் தன் வாயையே பார்ப்பார்கள். அவள் முகம் பொய் சொல்லாது, நாக்கில் பட்டது புருவத்தில் தெரிந்துவிடும், டிவிக்காரர்களே அதனால்தான் ரெண்டு வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். நன்றாக இருந்தால் அது இன்னும் மோசம். வந்து உட்கார்ந்ததும் கோமதிநாயகம் கேட்டுவிட்டார், நீங்க பேப்பர்ல வாராவாரம் எழுதுதீங்கள்லா, எங்க வீட்டுக் குழம்பைப் பத்தி ஒரு வாரம் எழுதணும், இவ பேரைப் போட்டு. எழுதினால் என்ன ஆகும்? ஈரோட்டிலிருந்து எவளாவது ஒருத்தி, பழைய இணைப்பையெல்லாம் பைண்டு பண்ணி வைத்திருப்பவள், அக்கா இது உங்க முப்பதில் இருபத்தொண்ணாவது என்று கடிதம் போடுவாள். அப்புறம் இந்த வீட்டில் ஆவுடையம்மாள் தலை நிமிர முடியுமா, இதே வீட்டில் நித்திலா விளக்கேற்ற முடியுமா? சொல்லாமல் இருந்தால் எழுதினவள் கள்ளி, சொன்னால் சமைத்தவள் கள்ளி. மங்கையர்க்கரசிக்கு வியர்த்துக் கொட்டியது. ஃபேனைக் கூட்டு என்று கோமதிநாயகம் மகனிடம் சொன்னார்.

"ரெண்டு நிமிசம்." இப்போது அவர் குரல் தணிந்திருந்தது, கோயிலில் திரை விலகப் போகிற நேரத்தில் பேசுகிற மாதிரி. திரவியம்கூடக் கையை நிறுத்திவிட்டார். மங்கையர்க்கரசி தலையை நிமிர்த்தி, வந்ததிலிருந்து முதல் தடவையாக ஆவுடையம்மாளை ஒழுங்காகப் பார்த்தாள். அவள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒல்லியான பெண்பிள்ளை, காதில் சின்னக் கம்மல், முந்தானை நுனியை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், சுற்றுகிறாள். காலையிலிருந்து வாங்க மைனி, இருங்க மைனி என்பதற்கு மேல் ஒரு பேச்சு இல்லை. முகத்தைப் பார்ப்பதே இல்லை. என்னடா இது, சம்பந்தியம்மாளுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறதே என்று மங்கையர்க்கரசி காபி குடிக்கும்போதே நினைத்தாள், பேப்பரில் எழுதுகிறவள் என்றால் மண்டைக்கனம் பிடித்தவள் என்று எண்ணிவிட்டாளோ என்றுகூட நினைத்தாள். இப்போது பார்த்தால் அந்த முகத்தில் கோபமுமில்லை, கர்வமுமில்லை. பரீட்சைப் பேப்பரை வாத்தியார் கையில் கொடுத்துவிட்டு நிற்கிற முகம். அட பாவி மகளே, உனக்கு இது யார் எழுதினது என்று தெரியும்! தெரிந்தே வைத்திருக்கிறாய், இல்லை இல்லை, வேண்டாம் என்றிருப்பாய், இந்த வாட்ச் மனுஷன்தான் வைத்தே தீரவேண்டும் என்று நின்றிருப்பார். இந்த ஏழு நிமிஷமும் நான் இங்கே வெந்துகொண்டிருக்க, நீ அங்கே வெந்துகொண்டிருந்திருக்கிறாய். மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வருவது போலிருந்தது, அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது.

கோமதிநாயகம் கையை உயர்த்தினார், ஆவுடையம்மாள் வந்து மூடியைத் திறந்தாள். ஆவி எழுந்தது. முதல் கரண்டி மங்கையர்க்கரசியின் சோற்றில்தான் விழுந்தது. பிசைந்தாள். ஒரு வாய். முதலில் புளிப்பு வந்தது, பழம் புளி, நன்றாகக் கொதித்தது. அப்புறம் கொய்யாவின் துவர்ப்பு, செங்காயாகப் பார்த்து எடுத்து எண்ணெயில் சுருள வதக்கியிருக்கிறாள், துண்டு நாக்கில் கரைகிறது. விதை எங்கே? ஒரு விதை பல்லில் தட்டவில்லை. விதையைச் சுரண்ட வேண்டும் என்று புத்தகத்தில் கிடையாது, எழுதினவளுக்குத்தான் அது தோன்றவே இல்லையே. எள்ளை வறுத்துத் தனியாகப் பொடித்திருக்கிறாள், அதுவும் கிடையாது. அடியில் எங்கேயோ ஒரு துளி வெல்லம், எல்லாவற்றுக்கும் மேலே, விழுங்கின பிறகு மெதுவாக வருகிற வெற்றிலைக் காரம். மங்கையர்க்கரசி ரெண்டாவது வாய் எடுத்தாள். மூன்றாவது வாய்க்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு குழம்பு தின்றதில்லை, சத்தியமாகத் தின்றதில்லை, அதை எழுதினதாகப் பேர் வாங்கியவள் அவளே. எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நித்திலா கண்ணாலேயே மூன்று என்றாள்.

"இந்த மாதிரிக் குழம்பு நான் எங்கயுமே சாப்பிட்டதில்ல மதினி" என்றாள் மங்கையர்க்கரசி. வார்த்தை மூன்றைத் தாண்டிவிட்டது, போகட்டும். அவள் இத்தனை வருஷத்தில் சொன்ன விமர்சனங்களில் இதைப் போல உண்மை வேறில்லை. கோமதிநாயகம் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். திரவியம் மோர் கேட்கவில்லை, இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அது அவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது ஆவுடையம்மாள் துண்டோடு வந்து நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அடுக்களை அலமாரியில் பருப்பு டின்னுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு புத்தகத்தை எடுத்தாள். அட்டை கிழிந்து, எண்ணெய் ஊறி, மங்கையர்க்கரசியின் கோணல் பொட்டு மட்டும் மிச்சம். ஆவுடையம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நாலு வயசில் அம்மை போய்விட்டாளாம், பம்பாயில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தாளாம், அம்பாசமுத்திரம் என்பது பேருக்குத்தானாம். இங்கே வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நாத்தனார்கள், உங்க அம்மை வீட்டுப் பக்குவத்துல ஒண்ணு வையேன் என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்களாம். என்னத்தை வைக்க, ஒன்றும் தெரியாதே. பையனுக்குப் பத்து வயசு இருக்கும்போது இந்தப் புத்தகம் வந்தது, பிரித்தால் அம்பாசமுத்திரம் என்று ஊர்ப் பேரோடு ஒரு குழம்பு. எங்க ஊர்க் குழம்பு எனக்கே தெரியாமப் போச்சே, எங்க அம்மை இருந்திருந்தா இதைத்தானே சொல்லிக் கொடுத்திருப்பா என்று அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாளாம். முதலில் நாலு தடவை வாயில் வைக்க முடியவில்லையாம். எனக்குத்தான் வரலை என்று நினைத்து, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாளாம்.

"புத்தகத்தைப் பாத்துப் படிச்சதை அம்மை வீட்டுதுன்னு சொல்லிட்டேன் மைனி. அவுககிட்ட சொல்லிராதீங்க."

மங்கையர்க்கரசி துண்டால் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போகலாம், யாருக்கும் நஷ்டமில்லை. மங்கை அக்கா மங்கை அக்காவாகவே மதுரைக்குப் பஸ் ஏறலாம். ஆனால் நாலு தடவை வாயில் வைக்க முடியாத குழம்பைத் தன் குற்றம் என்று தின்றவள் எதிரில் நிற்கிறாள்.

"நானே இன்னைக்குத்தான் மதினி சாப்பிடுறேன். அந்தக் குழம்பை நான் வச்சதே இல்ல. பக்கம் நிரம்பணும்னு போன்ல வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அம்பாசமுத்திரத்துல அப்படி ஒரு குழம்பே கிடையாது."

ஆவுடையம்மாள் புத்தகத்தை அலமாரியில் பொத்தென்று வைத்தாள். அடிப்பாளோ என்றுகூட மங்கையர்க்கரசிக்குத் தோன்றியது. பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அந்த ஒல்லி உடம்பு குலுங்கியது. அழுகை என்று பதறிப்போய்த் தோளைத் தொட்டால், சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, முதல் தடவையாக நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்போ இது என் குழம்புல்லா மைனி."

உங்களுதேதான் என்றாள் மங்கையர்க்கரசி. கைப்பையைத் திறந்தாள், நோட்டை எடுத்தாள், பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள். அடுத்த வாரம் பேப்பரில் இது ஆவுடையம்மாள் பேரில்தான் வரும், அம்மை வீடு, புத்தகம் எதுவும் வேண்டாம், ஈரோட்டிலிருந்து கடிதம் வந்தால் வரட்டும், பதில் சொல்லிக்கொள்ளலாம். கொய்யா எந்தப் பதம், விதையை எடுப்பது வதக்கும் முன்னாலா பின்னாலா, எண்ணெய் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆவுடையம்மாள் மணைப்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கறாராக, ஒரு ஸ்பூன் விட்டுப்போகாமல் சொன்னாள். உப்பு எவ்வளவு என்றதற்குத் தேவையான அளவு என்று சொல்லவில்லை, ரெண்டரை டீஸ்பூன், கல்லுப்பு என்றாள். கடைசி வரிக்கு வந்ததும் மங்கையர்க்கரசியின் பேனா நின்றது. அந்த ஏழு நிமிஷத்தை என்ன செய்ய, நிஜத்தில் அதற்கு ஒரு அவசியமும் இல்லையே, எடுத்துவிடலாமா என்று கேட்டாள். கூடத்தில் கோமதிநாயகம் திரவியத்திடம், ஆறரை நிமிசத்தில் திறந்துவிட்ட ஒரு தீபாவளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆவுடையம்மாள் அந்தப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டாள். "ஏழே இருக்கட்டும் மைனி" என்றாள். "ரிட்டையர் ஆன பெறவு அவுகளுக்கு வாட்ச் பாக்க வேற என்ன வேலை இருக்கு?"